தெரிந்தும் சொல்லாமல்

பங்காருபாளையத்தில் ஒரு வீட்டு விஷயம் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்காது. சித்தூரிலிருந்து பலமனேர் போகும் வழியில், பெங்களூரு லாரிகள் ராப்பகலாக ஓடும் சாலையை ஒட்டிய ஊர். மாங்காய் மண்டியில் யாருக்கு எவ்வளவு பாக்கி, பிரசவத்துக்கு வந்த எந்தப் பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் இருக்கிறாள், திருப்பதியில் படிப்பதாகச் சொல்லும் எந்தப் பையன் பரீட்சைக்கே போகவில்லை, எல்லாம் தெரியும். எங்கள் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. ஊர்க்கதை இரண்டிலும் நடமாடும்.

எங்கள் ஆயாவுக்கு இந்தக் கதைகள் எல்லாமே தெரியும். புருஷன் வீட்டுக்குப் போகாத அந்தப் பெண் ஒருநாள் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, ஆயா குழந்தைக்குப் பல் முளைக்கும் கதையையும் ஊறுகாய்க்கு உப்பு போதாமல் போனதையும் பேசிக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு நான், “ஏன் ஆயா, கேட்டிருக்கலாமே?” என்றேன். “அவளா சொல்லட்டும்டி. நீ எதுக்கு முந்திக்கிற?” என்றார்.

அந்தரங்கம் பற்றிப் பாடத்தில் படித்ததும் தீர்ப்புகளில் படித்ததும் எனக்கு ஆயாவின் அந்த வாக்கியத்தின் வழியாகத்தான் புரிகிறது. எங்களைப் போன்ற ஊர்களில் அந்தரங்கம் என்றால் பிறருக்குத் தெரியாமல் இருப்பது என்ற அர்த்தம் ஒருநாளும் இருந்ததில்லை. ஓட்டு வீடும் பொதுச் சுவரும் ஒரே தெருக்குழாயும் உள்ள இடத்தில் தெரியாமல் எதை வைப்பது? தெரிந்தவர்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் அந்தரங்கமாக இருந்தது. யாருடைய விஷயமோ அவர் தன் வாயால் சொல்லும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

ஊரைப் பொன்னாக்கிக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. காலனிப் பெண்களின் விஷயத்தை மண்டியில் நின்று உரக்கப் பேசுகிறவர்கள், தங்கள் தெருப் பெண் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அந்த மௌனம் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. சாதி பார்த்து, நிலம் பார்த்து, ஆணா பெண்ணா என்று பார்த்துத்தான் கிடைத்தது. கிடைத்தவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. கிடைக்காதவர்களுக்காகத்தான் சட்டம் வர வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தச் சட்டம் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான இடத்திலிருந்து வந்ததும் இல்லை. இந்தியாவில் அந்தரங்க உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி தீர்ப்பிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்பே ஒரு தமிழ் வாரப் பத்திரிகை இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தது. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடத் தயாரானது. அதிகாரிகள் சிலருக்கும் அவருக்கும் இருந்த தொடர்புகள் அதில் வருவதாகப் பேச்சு. வெளியிடக் கூடாது என்று சிறைத் துறைத் தலைவர் கடிதம் எழுதினார். பத்திரிகை வழக்குப் போட்டது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, அரசு முன்கூட்டியே தடை போட முடியாது என்றது. தன் குடும்பம், திருமணம், பிள்ளைகள், படிப்பு பற்றிய விஷயங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும் சொன்னது. பொது ஆவணத்தில் ஏறிவிட்ட செய்தியை எழுதத் தடையில்லை என்றது. அதிகாரிகள் தங்கள் பதவிக் கடமையைச் செய்யும் விதம் பற்றி எழுதினால் அந்தரங்கத்தைக் காரணம் காட்ட முடியாது என்றது.

அந்தத் தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முதல் தடவை படித்தபோது நான் அதைக் கடந்து போய்விட்டேன். பொது ஆவணத்தில் இருந்தாலும்கூட, பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரையும் அவளுக்கு நடந்ததையும் ஊடகத்தில் பரப்பி அவளை மேலும் அவமானப்படுத்தக் கூடாது என்பது அது. ஆவணம் என்று ஒன்று இருப்பதாலேயே எல்லோரும் அதை எடுத்துச் சொல்லிவிட முடியாது. நீதிமன்ற மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் ஆயா சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். குற்றவாளி இரண்டே நாளில் பிடிபட்டான். அந்த மாணவிக்கு அடுத்து நடந்ததுதான் எங்கள் தலைமுறை மறக்கக் கூடாதது. அவர் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவரை யார் என்று காட்டிவிடும் விவரங்களோடு காவல்துறையின் இணையதளத்தில் பார்வைக்கு வந்தது. வந்த வேகத்தில் தொலைக்காட்சிக்கும் போன்களுக்கும் பரவியது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. முதல் தகவல் அறிக்கைகளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, பாலியல் குற்றம் போன்ற வழக்குகளை ஏற்றக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1983 முதல் தண்டனைக்குரிய குற்றம். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 72ஆம் பிரிவு. பிறகு எப்படி வெளியே போனது? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சன்ஹிதாவுக்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. அந்தக் கணினி அமைப்பு எந்தப் பிரிவு எண்ணைக் கண்டால் பூட்ட வேண்டும் என்று பழைய எண்களை வைத்துக் கற்றிருக்கிறது. சட்டத்தின் எண்கள் மாறியதும் அதற்கு எதைப் பூட்டுவது என்று தெரியாமல் போயிருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எழுத்தர் ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தால் எண்ணைப் பார்க்க மாட்டார், எழுதியிருப்பதைப் படிப்பார். படித்தவர் அதை மடித்து உள்ளே வைப்பார் என்று நம்ப எனக்கு ஆசை. எல்லா எழுத்தரும் அப்படி இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால் வைக்கவா வேண்டாமா என்று ஒரு மனிதர் முடிவெடுக்கும் கணம் ஒன்று அங்கே இருக்கும். இந்த அமைப்பில் அந்தக் கணமே இல்லை.

டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அறிக்கை எழுதப்பட்டிருந்த மொழியே அந்தப் பெண்ணின் மேல் பழி போடுவதுபோல் இருக்கிறது என்று கண்டித்தது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. கசிவை விசாரிக்கப் போன புலனாய்வுக் குழு செய்தியாளர்களின் போன்களைப் பறிமுதல் செய்ததும், அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்ததும் தனிக் கதை. ஒரு செய்தியாளரின் போனுக்குள் அவரை நம்பிப் பேசிய எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு மாணவியின் அந்தரங்கம் எப்படிப் போனது என்று தேடுவதற்கு, சம்பந்தமே இல்லாத நூறு பேரின் அந்தரங்கத்தைக் கையில் எடுத்தார்கள்.

அந்த டிசம்பரில், திருப்பதியில் நான் தங்கிப் படிக்கும் விடுதியின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அந்த அறிக்கையின் படம் வந்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் அனுப்பவில்லை. ‘பாருங்கடி, நம்மளும் ஜாக்கிரதையா இருக்கணும்’ என்று தெலுங்கில் ஒரு வரி எழுதி, கீழே அந்தப் படம். அடுத்த நிமிடம் பக்கத்து அறை அக்கா, ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன் போடு, உடனே’ என்று எழுதினார். படம் போய்விட்டது. அந்த இடைவெளியில் எத்தனை போன்கள் அதைத் தானாகவே கேலரியில் இறக்கி வைத்துக்கொண்டன என்று அந்த அக்கா கேட்டபோதுதான் பலர் போய்ப் பார்த்து அழித்தார்கள். அக்கறையோடு அனுப்பினாலும் வம்புக்கு அனுப்பினாலும் போனில் செய்வது ஒரே காரியம். விரலை வைத்து ஃபார்வர்ட் செய்வது. ஆயாவின் காலத்தில் ஒரு விஷயம் தெரிவதற்கும் அதை இன்னொருவருக்குச் சொல்வதற்கும் நடுவில் கொஞ்ச தூரம் இருந்தது. தெருவில் நடந்து போக வேண்டும், ஆளைப் பார்க்க வேண்டும், எதிரே இருக்கும் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்துப் பேச்சைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்தத் தூரத்தில்தான் மனம் வேலை செய்தது.

மௌனத்தை இவ்வளவு தூக்கிப் பேசும்போது பொள்ளாச்சி நினைவுக்கு வந்து என்னை நிறுத்துகிறது. 2019இல் வெளியே வந்த அந்தப் பாலியல் கொடுமை பல வருடங்கள் நடந்தது, பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று அந்தக் கும்பல் நம்பியதால்தான். வீடியோ எடுத்து மிரட்டியவர்களுக்கு ஊரின் வாய்தான் ஆயுதம். ஊர் பேசும் என்ற பயம் இல்லாவிட்டால் அந்த வீடியோவை வைத்து என்ன செய்திருக்க முடியும்? ஒரு பெண் கடைசியில் புகார் கொடுத்தபோது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் பெயரைச் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அதற்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் இழப்பீடு என்று உத்தரவிட்டது. ஆறு வருடங்கள் கழித்து 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கும் ஐந்து மாதம் முன்பு சென்னையில் அதே தவறு நடந்திருந்தது. முதலில் ஓர் அதிகாரியின் வாய், அடுத்து ஒரு கணினி. தொகைகூட மாறவில்லை.

அதனால் ஆயாவின் வாக்கியத்தில் இரண்டு பாதி உண்டு என்று இப்போது படிக்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே என்பது ஒரு பாதி. அவள் சொல்லட்டும் என்பது இன்னொன்று. அவள் சொல்லும் நாளில் கேட்க ஆள் இருக்க வேண்டும். சொன்னதற்காக அவளை யாரும் துரத்தக் கூடாது. இந்த இரண்டாவது பாதியை எங்கள் ஊர்கள் சரியாகச் செய்ததில்லை. வாயைப் பூட்டிக்கொள்ளப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு, வாயைத் திறந்தால் கூட நிற்கிறோம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

எதைச் சொல்லக் கூடாது என்பதுபோல எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் உண்டு. நூறு நாள் வேலைக் கணக்கைக் கிராம சபையில் உரக்கப் படிக்கும் சமூகத் தணிக்கையை மாநிலம் முழுக்க முறையாக நடத்திக் காட்டியது ஒன்றுபட்ட ஆந்திரம்தான். யார் பெயரில் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று பெயரைப் படித்தால்தான், வேலைக்கே வராதவர் பெயரில் போன பணம் தெரியவரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லியே மறுக்க வழி செய்திருக்கிறது. பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் போய்விட்டது. அதிகாரியின் கடமை அவருடைய அந்தரங்கம் ஆகாது என்று நக்கீரன் வழக்கில் சொன்னதற்கு இது நேர் எதிர்த் திசை. எளியவர்களைப் பற்றிய தகவல் தாராளமாக ஓடுகிறது, அதிகாரத்தில் இருப்பவர்கள் பற்றிய தகவலுக்குப் பூட்டு விழுகிறது. இது தலைகீழாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஊருக்குத் தெரிந்தது எந்த வழியாகக் கணினிக்குப் போனது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2019 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசு 50 வீட்டுக்கு ஒருவர் என்று தன்னார்வலர்களை வைத்தது; மாநிலம் முழுக்க இரண்டரை லட்சம் பேருக்கு மேல். எங்கள் தெருவுக்கு வந்தது நான் சின்னதிலிருந்து அக்கா என்று கூப்பிடுகிறவர். மாதம் பிறந்தால் விடியற்காலையில் பென்ஷன் பணத்தோடும் ரேகைக் கருவியோடும் வாசலில் நிற்பார். வயல் வேலையில் தேய்ந்த ஆயாவின் கட்டைவிரல் லேசில் பதியாது. முந்தானையில் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, வேறு விரலை வைத்துப் பார்த்து, இப்படியே அரை மணி போகும். அந்த நேரத்தில் அக்கா அரசாங்கம் கேட்கச் சொன்ன கேள்விகளையும் கேட்டுக்கொள்வார். வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், வண்டி இருக்கிறதா, கரண்ட் பில் எவ்வளவு வருகிறது. ஆயா அவருக்கு டீ கொடுத்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். கேட்காததையும் சொல்வார்.

ஆயா தன் மனதில் பேசியது அந்த அக்காவோடு. விஜயவாடாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டிருந்தால் பாதிக்கு மேல் வாயைத் திறந்திருக்க மாட்டார். அக்காவின் கையிலிருந்த போன்தான் அந்த அதிகாரி என்று யாரும் ஆயாவுக்குச் சொல்லவில்லை. பென்ஷன் வாசலுக்கு வந்ததால் எத்தனையோ முதியவர்கள் வெயிலில் வரிசை நிற்காமல் தப்பித்தார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்த மாநிலத்தில் 2019 தேர்தல் சமயத்தில் தெலுங்கு தேசத்தின் சேவாமித்ரா செயலி மக்களின் ஆதார் விவரங்களை வைத்திருக்கிறது என்று குற்றச்சாட்டு எழுந்து வழக்கானது. 2023இல் தன்னார்வலர்கள் திரட்டும் விவரங்கள் எங்கே போகின்றன என்று ஜனசேனா கட்சியின் பவன் கல்யாண் கேட்டுப் பெரிய சண்டை ஆனது. ஒவ்வொரு கட்சியும் எதிர்க்கட்சியில் இருக்கும்போது மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டது. 2024 ஜூலை முதல் பென்ஷனைக் கிராமச் சச்சிவாலய (செயலக) ஊழியர்கள் கொண்டுவருகிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று ஆந்திர அரசின் ‘மன மித்ரா’ வந்தது. தொடக்கத்தில் 161 சேவைகள், வாட்ஸ்அப்பிலேயே. இன்டர்மீடியட் ஹால் டிக்கெட்கூட அதில் வருகிறது. அக்கா இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். எங்கள் வீட்டில் பார்த்ததையும் கேட்டதையும் அவர் யாரிடமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் தட்டச்சு செய்த பதில்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்க எங்களுக்கு ஒரு கதவு இல்லை.

என் விஷயம் என் கையில் மட்டும் இல்லை என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு சின்னச் சம்பவம். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி ஒன்று தோழியின் போனில் இருந்தது. நான் அதை என் போனில் போட்டதே இல்லை. அவள் என் எண்ணை அதில் தட்டிப் பார்த்தாள். ‘திருப்பதி ஹாஸ்டல் பொண்ணு’ என்று வந்தது. யாரோ என்னை அப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவரோ, டிபன் கொண்டுவருகிறவரோ. அவர் அந்தச் செயலிக்குத் தன் முகவரிப் புத்தகத்தைத் திறந்துவிட்டபோது நானும் போயிருக்கிறேன். என் எண்ணை வைத்திருக்கும் எந்த அந்நியனும் இனி நான் பெண் என்பதையும் எந்த ஊரில் எங்கே தங்கியிருக்கிறேன் என்பதையும் தெரிந்துகொள்ளலாம். நான் எதற்கும் சம்மதிக்கவில்லை. சம்மதித்தவருக்கும் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருக்காது. எங்கள் வகுப்புப் பெண்களில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் தங்கள் முகத்தை வைப்பதில்லை. பூ, வெங்கடேசுவரர், அல்லது சாய் பல்லவி. அது கூச்சம் என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அது கணக்குப் போட்டுச் செய்வது.

இப்படி நம் விவரங்கள் கைமாறுவதை இந்தியாவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் மாணவர்களும் உண்டு. 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் தன் பயனர் விவரங்களை ஃபேஸ்புக்கோடு பகிர்வதாக அறிவித்தபோது, கர்மண்ய சிங் சரீன், ஷ்ரேயா சேத்தி என்ற இரண்டு மாணவர்கள் தில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். விலகிக்கொண்டவர்களின் விவரங்களை அழிக்க வேண்டும் என்று செப்டம்பரில் உத்தரவு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021ஆம் ஆண்டின் அடுத்த கொள்கை மாற்றத்துக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கும் முன்னால், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து 2012இல் வழக்குப் போட்ட ஷ்ரேயா சிங்கால் சட்டம் படிக்கத் தயாராகிக்கொண்டிருந்த இளம்பெண். 2015இல் அந்தப் பிரிவே ரத்தானது.

கேரளத்தின் ஃபஹீமா ஷிரின் வழக்கு எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கம். கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூர்க் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்த மாணவி. விடுதியில் மாலை ஆறு முதல் பத்து மணிவரை போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. மறுத்ததற்காக வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். பெண்ணைக் காப்பது என்றால் அவள் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவது என்று நினைக்கும் விடுதிகள் இன்னும் நிறைய. ஆபத்து அவள் போனில் மட்டும் இருக்கிறதா? அவள் படத்தை வைத்திருக்கும் இன்னொருவர் போனை மாலை ஆறு மணிக்கு யார் வாங்கி வைப்பது?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018இல் போடப்பட்ட பொதுநல வழக்கு ஒன்று இதற்கு வேறு வைத்தியம் கேட்டது: சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும். விவாதம் போகப்போக, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிப்பதில் வந்து நின்றது. ஒவ்வொரு செய்தியோடும் தொடங்கியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். நான் மறுப்பவர் பக்கம். நம் சமூகத்தில் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததை முதலில் ஒரு தோழியிடம்தான் சொல்கிறாள், எழுத்தில், நள்ளிரவில், பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில். குற்றவாளியைப் பிடிக்க வைக்கும் கண்ணி அவளையும் பிடிக்கும். மேலும், முதலில் அனுப்பியவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்து அனுப்பிய ஆயிரம் பேருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடும். எனக்குக் கவலை அந்த ஆயிரம் பேரைப் பற்றித்தான்.

2025 ஜூலை 9 அன்று அந்த ஆயிரம் பேரை எங்கள் ஊரிலேயே பார்த்தோம். தோதாபுரி மாங்காய் விலை விழுந்திருந்த சீசன். கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 என்று அறிவிப்பு இருந்தும் விவசாயிகள் கொதித்துப்போயிருந்தார்கள். முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி எங்கள் மார்க்கெட் யார்டுக்கு வந்தார். டிராக்டரில் வந்த மாங்காய் சாலையில் கொட்டப்பட்டது. ஒரு சேனலில் அது விவசாயியின் கோபம், இன்னொன்றில் ஏற்பாடு செய்த நாடகம். அன்று யார்டில் நின்றிருந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், வெயில் தாங்காமல் துண்டால் முகத்தைத் துடைத்தார். யாரோ அதைப் போனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, சோகப் பாட்டைச் சேர்த்து, அழும் விவசாயி ஆக்கினார்கள். பிறகு அதையே எடுத்து, காசுக்கு அழுகிறவர் என்று எதிர்ப்பக்கம் போட்டது. இரண்டும் எங்கள் ஊர்க் குழுக்களில் ஒரே சாயங்காலம் வந்தன. அவருக்குப் போன் இல்லை. பேரன் காட்டினான். “எனக்கு விலை போச்சு, அதுக்கு அழலியே நான்” என்றார். அவர் மாங்காய் என்ன விலைக்குப் போனது என்று அந்த இரண்டு வீடியோக்களிலும் இல்லை. அவரைத் தெரிந்தவர்களே இரண்டையும் அனுப்பினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் உண்டு. மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் எதிலும் கேட்டு வாங்கலாம் என்பது அதில் எனக்குப் பிடித்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஆயா ஆந்திராவில் இருந்துகொண்டே தமிழில் கேட்கலாம். ஆனால் ஒரு தனிமனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பொருந்தவும் கூடாது. குடும்பக் குழுவில் அத்தை அனுப்பும் படத்துக்கெல்லாம் ஒரு வாரியம் வந்து விசாரித்தால் அது வேறொரு கண்காணிப்பு ஆகிவிடும். அப்படியானால் எங்கள் வகுப்புக் குழுவில் இருக்கும் அறுபது பேரின் விரலுக்கு எங்களைத் தவிர யாரும் காவல் இல்லை.

நாங்கள் உட்கார்ந்து பேசிச் சிலவற்றை முடிவு செய்திருக்கிறோம். அடுத்தவர் இருக்கும் படத்தைக் கேட்காமல் போடுவதில்லை. தனியாக எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவதில்லை. ஒருவருடைய எண்ணைக் கேட்டால், உடனே கொடுக்காமல், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வது. படங்கள் தானாகக் கேலரியில் இறங்குவதை எல்லோரும் நிறுத்தி வைப்பது. ஒத்துவராத இடமும் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலை ஹால் டிக்கெட் எண்ணோடு குழுவில் போடலாமா என்று இரண்டு வாரமாகச் சண்டை. எண்தானே, பெயர் இல்லையே என்கிறார்கள் பையன்கள். வகுப்பில் யார் எண் யாருக்குத் தெரியாது? அரியர் வைத்திருக்கும் ஒருத்தி, போடட்டும், எனக்கென்ன என்று சொல்லிவிட்டு அன்றிரவே குழுவிலிருந்து வெளியேறினாள். அவளைத் திரும்பச் சேர்க்கும் முன் பட்டியலைப் பற்றி முடிவு செய்தாக வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி பேசுகிறோம்.